பால்கனியில் பாறைச் செடி: கல்லை விடுங்கள், தண்ணீரைக் கவனியுங்கள்

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் பத்தாவது மாடியில் வசிக்கிறோம். என் சொந்த ஊர் செஞ்சிக்குப் பக்கம். மொட்டைப் பாறையில் சதுரக்கள்ளியும் கல்லிமுளையானும் பிரண்டையும் முளைத்துக் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அதே மாதிரி ஒரு சின்னப் பாறைத் தோட்டம் பால்கனியில் போட்டேன். தொட்டியின் அடியில் கிரானைட் சல்லி ஒரு அடுக்கு, நடுவில் கடையில் விற்கும் தொட்டி மண், மேலே அழகுக்கு மறுபடியும் சல்லி. பிரண்டை மட்டும் காடாக வளர்கிறது. மற்றதெல்லாம் டிசம்பர் மழையில் அழுகிவிட்டன. மண்ணே இல்லாத பாறையில் வாழும் செடி இங்கே ஏன் சாகிறது? பழங்காலப் பாறையின் தூளைப் போட்டால் பலன் உண்டா? சுனை மாதிரி ஒரு குட்டை வைக்க ஆசை, வைக்கலாமா? புலாவ் உபின் தீவில் பாறை மேல் பார்த்த செடிகளை எடுத்துவரலாமா?

பதில்: உங்கள் செடிகளுக்குக் கல் குறையவில்லை. வேரைச் சுற்றியிருந்த ஈரம் காயவில்லை, அதனால்தான் செத்தன. இதைச் சரிசெய்ய முடியும். அதற்கு முன்னால் செஞ்சிப் பாறையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கல்லிமுளையான் பாறையை விரும்பித் தேடிப் போன செடி அல்ல. நல்ல மண்ணில் புல்லும் புதரும் மரமும் அதை நிழலில் அமுக்கிவிடும். மொட்டைப் பாறையில் அந்தப் போட்டி இல்லை. அதற்கு அங்கே கொடுக்கும் விலைதான் கடுமையானது. கிரானைட் பூமிக்கடியில் மெதுவாகக் குளிர்ந்து இறுகிய தீப்பாறை. படிகங்கள் நெருக்கமாகக் கோத்திருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்காது, வழிந்து ஓடிவிடும். போகிற போக்கில் தூசியையும் மண்ணையும் அடித்துக்கொண்டு போகும். மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் மேற்பரப்பு காய்ந்துவிடும். நடுப்பகல் வெயிலில் கல்லின் சூடு 50 டிகிரியைத் தாண்டும். செஞ்சியில் ஜனவரியிலிருந்து மே வரை பெரிதாக மழையும் கிடையாது. இந்தச் சூட்டையும் வறட்சியையும் கல்லிமுளையான் தாங்கும், வேரை அழுகவைக்கும் பூஞ்சைகளால் தாங்க முடியாது. அந்தச் செடிக்குப் பாறை கொடுக்கும் உண்மையான பாதுகாப்பு இதுதான்.

இப்போது ஈசூனைப் பாருங்கள். சிங்கப்பூரில் சராசரியாக ஆண்டுக்கு 2,100 மி.மீ.க்கு மேல் மழை, அதுவும் 170 நாள்களுக்குக் குறையாமல் பரவிப் பெய்கிறது. இரவில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். வறட்சிக் காலம் என்று ஒன்று தனியாக இல்லை. ஊரில் பாறை தானாகச் செய்த வேலையை இங்கே நீங்கள்தான் செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். சிங்கப்பூரின் நடுப்பகுதிக்கும் வடபகுதிக்கும் அடியில் இருப்பது புக்கிட் தீமா கிரானைட்தான், ஈசூனும் அதன் மேல்தான் நிற்கிறது. 20 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பாறை. அப்படியிருந்தும் ஏன் செஞ்சி மாதிரி ஒரு மொட்டைக் குன்றுகூட இங்கே கண்ணில் படுவதில்லை? ஆண்டு முழுக்க வெப்பமும் மழையும் சேர்ந்து கல்லை அரித்துக்கொண்டே இருப்பதால்தான். கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிவிடுகிறது. குவார்ட்ஸ் என்ற கனிமம் மட்டும் மணலாக மிஞ்சுகிறது. இப்படிச் சிதைந்த மண் பல இடங்களில் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு இருக்கிறது, அதன் மேல் காடு மூடிக்கொள்கிறது. வெறும் கல்லைப் பார்க்க வேண்டுமானால் உபின் கரையோரத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பழைய கல் குவாரிகளுக்கு. உபின் கல்லை வெட்டி எடுத்துத்தான் 1850, 1851 ஆண்டுகளில் பெட்ரா பிராங்கா என்ற பாறைத் தீவின் மேல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டினார்கள். குவாரிகளின் செங்குத்துச் சுவர்களைப் போய்ப் பாருங்கள்: வெடிப்புகளில் பெரணியும் அத்தியினமும் எப்படி ஏறியிருக்கின்றன என்று தெரியும். வெட்டிவிட்ட பாறையைக்கூட இந்த ஊர் நீண்ட நாள் மொட்டையாக விட்டுவைப்பதில்லை.

பாறையில் வாழும் செடிகளையெல்லாம் ஒரே ரகம் என்று நினைத்துத்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரே பாறையில் மூன்று வகை இடம் இருக்கிறது. முதலாவது வெடிப்பு. சுற்றியுள்ள பாறை மேல் விழும் மழையெல்லாம் அதற்குள் வடிகிறது. கல் மூடியிருப்பதால் எளிதில் ஆவியாவதும் இல்லை. அத்தி, ஆல் இனங்கள் வேரை ஆழமாக விட்டு அங்கே சுகமாக இருக்கும். வெளியே பார்க்க வறட்சி, வேருக்கோ நிரந்தர ஈரம். இரண்டாவது, சரிவில் ஒட்டிக் கிடக்கும் ஒரு விரல் கனத்துக்கும் குறைவான மண். நனையும், உடனே காயும். கல்லிமுளையானும் பாசியும் காய்ந்தால் சுருண்டு, நனைந்தால் விரியும் செலாஜினெல்லா என்ற பெரணி போன்ற செடியும் இங்கேதான். மூன்றாவது, பாறைக் குழிகள், அதாவது சிறிதும் பெரிதுமான சுனைகள்.

இந்தக் குழிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கடக்க எனக்கு மனசு வரவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிரானைட் வெளிகள் உண்டு. அங்கே ஒரு குழியில் சில சென்டிமீட்டர் மண் சேர்ந்தவுடன் டயமார்ஃபா என்ற விரல் உயரச் செடி முளைக்கிறது. உடம்பெல்லாம் ரத்தச் சிவப்பு, வசந்தத்தில் வெள்ளைப் பூ. குளிர்காலத்தில் வளர்ந்து, வெயில் ஏறுமுன் பூத்துச் செத்துவிடும். ஆனால் விதையைக் கீழே உதிர்ப்பதில்லை. காய்ந்த தண்டின் மேலேயே கோடை முழுக்க வைத்திருக்கும், கொதிக்கும் கல்லைத் தொடாத உயரத்தில். இலையுதிர் காலத்தில்தான் விதை விழும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரானைட் பாறைகளில் போர்யா என்ற செடி வேறு வழி கண்டது. வறட்சியில் ஆரஞ்சு நிறமாகி, செத்த மாதிரிக் கிடக்கும். மழை பெய்து சில நாளில் பச்சை திரும்பிவிடும். பெர்த்துக்கு விடுமுறையில் போகிறவர்கள் ஹைடன் ஊரின் அலைப்பாறையைப் பார்க்கப் போவதுண்டு. அங்கே அண்ணாந்து பாறையைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், மேலே ஏறி, காலுக்கடியில் மெத்தை போல் படர்ந்திருக்கும் இந்தப் போர்யாவையும் பாருங்கள், மிதிக்காமல். இவை எதையும் இங்கே வளர்க்க முயல வேண்டாம். டயமார்ஃபாவுக்குக் குளிர்காலம் வேண்டும், போர்யாவுக்கு நீண்ட கோடை வேண்டும். இரண்டையும் நம்மால் கொடுக்க முடியாது.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். பிரண்டை ஏன் பிழைத்தது? அது கொடி. பாறையிலும் படரும், வேலியிலும் படரும், கணுவுக்குக் கணு வேர் விட்டு நல்ல மண்ணிலும் செழிக்கும். ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. கல்லிமுளையானுக்கு அது இல்லை. அழுகல் எப்படித் தொடங்கியது என்று நினைத்துப் பாருங்கள்: மண்ணை ஒட்டிய தண்டு முதலில் மஞ்சளாகி, உள்ளே வெளிச்சம் ஊடுருவுவது போல் தெளிந்து, தொட்டால் கொழகொழவென்று இருந்திருக்கும். மேல் நுனி அப்போதும் பச்சையாகவே இருந்திருக்கும். அடுத்த முறை அந்தக் கட்டத்தில் கண்டால் மேல் நுனியைச் சுத்தமான கத்தியால் நறுக்கி, ஒரு வாரம் நிழலில் காயப்போட்டு, புதிய கலவையில் நடுங்கள். செடி பிழைத்துவிடும்.

அடியில் போட்ட சல்லிதான் நீங்கள் நல்லதென்று நினைத்துச் செய்த பெரிய கெடுதல். இதைக் கடைக்காரர்களே சொல்லிக்கொடுப்பதால் உங்களைக் குறை சொல்ல முடியாது. பாத்திரம் கழுவும் பஞ்சு ஒன்றை நனைத்துப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள். கீழ் முனையிலிருந்து மறுபடி தண்ணீர் வடியும். தொட்டி மண்ணும் அப்படித்தான். எந்தத் தொட்டியானாலும் அடியில் ஒரு பட்டை அளவுக்கு ஈரம் வடியாமல் தங்கும். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய சல்லிக்குள் தண்ணீர் தானாக இறங்காது, மண் முழுக்க நிரம்பிய பிறகுதான் இறங்கும். ஆகவே சல்லி அடுக்கு அந்த ஈரப் பட்டையை வேருக்குப் பக்கத்தில் தூக்கி நிறுத்திவிட்டது. மேலே போட்ட சல்லியோ ஆவியாவதைத் தடுத்தது. மொத்தத்தில் நீங்கள் செய்தது பாறை வெடிப்பு. அதில் அத்தி நன்றாக வந்திருக்கும்.

பாறைச் செடிக்குத் தட்டையான தொட்டிதான் ஏற்றது என்பதும் இதே காரணத்தால் சரியல்ல. ஈரப் பட்டையின் உயரம் மாறாது, தொட்டி தட்டையாக இருந்தால் மண்ணில் பாதி ஈரத்திலேயே இருக்கும். பூச்சு இல்லாத, அடியில் பெரிய ஓட்டையுள்ள, கொஞ்சம் உயரமான மண்தொட்டி வாங்குங்கள். கலவை மூன்று நான்கு பங்கு பியூமிஸ் (நுரைக்கல்) அல்லது உடைத்த எரிமலைக்கல், ஒரு பங்கு மக்கிய உரம். கல்லின் துண்டுகள் இரண்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். தூளைச் சலித்து எறிந்துவிடுங்கள், நன்றாகக் கழுவுங்கள். அடியிலிருந்து மேல் வரை அதே கலவைதான், அடுக்கு வேண்டாம். அப்புறம் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் சின்ன மரத்துண்டு வைத்துச் சாய்த்துவிடுங்கள். தங்கிய தண்ணீர் தாழ்ந்த மூலைக்கு வந்து வடியும். ஓட்டை அந்தப் பக்கமாக இருக்க வேண்டும்.

தண்ணீர் எப்போது ஊற்றுவது என்று கேட்பீர்கள். நாள் கணக்கு வைக்காதீர்கள். ஒரு சத்தே குச்சியை (இறைச்சி கோத்துச் சுடும் மெல்லிய மூங்கில் குச்சி)த் தொட்டியின் அடிவரை செருகி, பத்து நிமிடம் விட்டு எடுத்துப் பாருங்கள். நிறம் மாறாமல் காய்ந்து வந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுத்து, அடியில் வழியும் வரை முழுசாக ஊற்றுங்கள். தினமும் ஒரு குவளை தெளிக்கும் பழக்கம்தான் இந்தச் செடிகளை அதிகம் கொல்கிறது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை சாரல் படாத உள்பக்கத்துக்கு நகர்த்திவிடுங்கள். வெயில் ஒரு நாளில் நாலு ஐந்து மணி நேரமாவது நேராகப் பட வேண்டும். நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால், தெற்கு பார்த்த பால்கனிக்கு டிசம்பரை ஒட்டியும் வடக்கு பார்த்ததற்கு ஜூனை ஒட்டியும் வெயில் வரும். எதிர்ப் பாதியாண்டில் செடி வளராமல் நிற்கும். அப்போது தண்ணீரைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

எந்தச் செடி? சாரல் படாத பக்கத்துக்குச் சதுரக்கள்ளி, மருள், சோற்றுக்கற்றாழை, பத்துமணிப்பூ போதும். கல்லிமுளையான் இங்கே கிடைப்பது அரிது; அதன் உறவான ஸ்டபீலியாவைச் சதைப்பற்றுச் செடி விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நட்சத்திர வடிவில் பெரிய பூ பூக்கும். பூவின் நாற்றம் ஈயை வரவழைக்கும் என்பதால் சமையலறை ஜன்னல் பக்கம் வைக்க வேண்டாம்.

மழை அடிக்கும் பக்கத்தில் ஊர்ச் செடிகளோடு போராடாதீர்கள். அங்கே இந்த மண்ணின் செடிகளே உங்களுக்குக் கைகொடுக்கும். என் முதல் சிபாரிசு உங்களுக்கே தெரிந்த ஒன்று: கொல்லிமலையில் சூப்பு வைக்கிற முடவாட்டுக்கால். அதே பெரணி சிங்கப்பூரிலும் இயற்கையாகவே வளர்கிறது. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் கவட்டைகளை அண்ணாந்து பாருங்கள். அதற்கு இரண்டு வித இலை. நீளமான பச்சை இலை வழக்கமான பெரணி இலை. அடியில் கிழங்கோடு ஒட்டிக்கொண்டு, குட்டையாக, மடல் மடலாக ஓரம் வெட்டிய பழுப்பு இலை இருக்கும். அது காய்ந்த இலை அல்ல, பிய்த்துவிடாதீர்கள். மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் பிடித்து வைத்துத் தனக்குத் தேவையான மண்ணைத் தானே சேர்க்கும் இலை அது. வறட்சி நீண்டால் பச்சை இலைகள் உதிரும், பழுப்பு இலைகள் காவல் நிற்கும். ரோமம் படர்ந்த அந்தக் கிழங்கை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. சொரசொரப்பான எரிமலைக்கல் மேல் நூலால் கட்டிவிட்டால் சில மாதங்களில் தானே பிடித்துக்கொள்ளும்.

கூடவே, மரத்தண்டுகளில் வட்ட வட்டமாகத் தடித்த இலையோடு படரும் குட்டிப் பெரணி ஒன்று உண்டு. 'டிராகன் ஸ்கேல்ஸ்' என்று கேட்டால் தெரியும். கற்றாழையைப் போலவே அதுவும் இரவில்தான் இலைத்துளையைத் திறந்து கரியமிலவாயுவைச் சேமிக்கிறது. மழைக்காட்டில் இருந்துகொண்டே பாலைவனச் செடியின் சிக்கனம். இன்னொன்று புறா ஆர்க்கிட். பலத்த மழையில் திடீரென்று வெப்பநிலை இறங்கினால், சுமார் ஒன்பது நாள் கழித்து அக்கம்பக்கத்தில் உள்ள செடிகளெல்லாம் ஒரே நாளில் வெள்ளையாகப் பூக்கும். ஒரே நாள்தான், மறுநாள் வாடிவிடும். பெருமழை பெய்த தேதியைக் குறித்துவைத்துக் காத்திருந்து பாருங்கள், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

பாறைத் தூள் பற்றி. செடிக்கு எட்டுவது பாறையின் வயது அல்ல, கல்லில் என்ன கனிமம் இருக்கிறது என்பதும் அது எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதும்தான். கிரானைட்டில் சிலிக்கா மிகுதி, சத்து குறைவு. அதில் உள்ள பொட்டாசியம் வெளிவருவதற்குள் உங்கள் தொட்டி பலமுறை மாறிவிடும். கருத்த தீப்பாறைகளில், அதாவது பசால்ட், கேப்ரோ போன்றவற்றில், இரும்பும் மக்னீசியமும் கால்சியமும் அதிகம். கொஞ்சம் விரைவாகவும் சிதையும். புக்கிட் கோம்பாக் பக்கத்தில் 'குட்டிக் குய்லின்' என்று எல்லோரும் படமெடுக்கும் பழைய குவாரி அந்தக் கருத்த வகைதான்; சீனத்துக் குய்லினோ சுண்ணாம்புக்கல். ஆனாலும் தொட்டியில் எந்தத் தூளும் முதலில் செய்யப்போவது கல் துண்டுகளின் இடைவெளியை அடைப்பதுதான். காசைச் செலவழிக்காதீர்கள். மாதம் ஒருமுறை, பாட்டிலில் சொன்ன அளவில் கால்வாசி திரவ உரம் போதும். வெள்ளைக் கூழாங்கல் வாங்கினால் மட்டும் கவனம். அது பெரும்பாலும் சலவைக்கல். ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, பாறைக் குழிச் செடிகளுக்கு ஆகாது.

சுனை வைக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் திறந்த தண்ணீர் வேண்டவே வேண்டாம். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடி அளவு தேங்கிய நீர் போதும்; முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும். அதற்குப் பதிலாக ஓட்டையில்லாத ஒரு மண்சட்டியை எடுத்து, சுண்ணாம்பு கலக்காத கரடுமுரடு மணலால் விளிம்பு வரை நிரப்புங்கள். மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். நீர்மட்டம் எப்போதும் மணலுக்கு ஒரு விரல் கீழே இருக்க வேண்டும், மேலே பளபளப்பு தெரியக் கூடாது. மழை நேராக விழாத இடத்தில் வையுங்கள். அதில் அழுகண்ணி வளர்க்கலாம். நம் ஊர்ப் பாறைகளில் மழைக்காலத்தில் தண்ணீர் கசியும் இடங்களில் சிவப்பாக ஒட்டிக் கிடக்குமே, பசைத்துளி வைத்துப் பூச்சி பிடிக்கும் செடி, அதுதான். மண்ணில் கிடைக்காத நைட்ரஜனைப் பூச்சியிலிருந்து எடுக்கிறது. அதற்கு உரம் போட்டால் செத்துவிடும். பூச்சி தின்னும் செடி வளர்ப்பவர்களிடம் விதை கிடைக்கும். ஒரு வருடச் செடி என்பதால் விதை உதிரும் வரை சட்டியைக் கலைக்காதீர்கள்.

உபினிலிருந்தோ புக்கிட் தீமாவிலிருந்தோ ஒரு இலைகூட எடுக்காதீர்கள். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் செடியைப் பிடுங்குவது சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், பாறை மேல் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பாசியும் மண்ணும் சேரப் பல ஆண்டுகள் ஆகும். அதைச் சுரண்டி எடுத்தால் அடுத்த மழை மிச்சத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். கல் மேல் சாம்பலும் ஆரஞ்சுமாகப் படிந்திருக்கும் கல்பாசி ஆண்டுக்கு மில்லிமீட்டர் கணக்கில்தான் வளர்கிறது. உங்கள் தொட்டிக் கல்லில் தானாக வந்தால் தேய்த்துக் கழுவாமல் விடுங்கள்.

செஞ்சியிலிருந்து கொண்டுவரலாம் என்றும் நினைக்காதீர்கள். கோட்டை பாதுகாக்கப்பட்ட சின்னம். 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் மராட்டியர் கோட்டைகளில் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. இந்தியாவிலிருந்து எந்தச் செடி கொண்டுவந்தாலும் அங்கே தாவர நலச் சான்றிதழும் இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். சதுரக்கள்ளி போன்ற சதைப்பற்றுள்ள கள்ளிகளுக்கு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தக் கட்டுப்பாடு வேறு. இங்கே செடிக்கடையில் வாங்குவதே எளிது.

கடைசியாக எடை. 30 செ.மீ. நீள அகல உயரமுள்ள ஒரே ஒரு கிரானைட் கல் 70 கிலோவுக்கு மேல் இருக்கும். பால்கனியில் பெரிய கல் அடுக்காதீர்கள். எரிமலைக்கல் இலேசானது, பெரணிக்கும் பிடிக்கும். வீட்டு வாசல் நடைபாதையில் தொட்டி வைத்தால் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். கைப்பிடிச் சுவர் மேல் ஒரு சின்னத் தொட்டிகூட வைக்காதீர்கள், பத்தாவது மாடி. பிரண்டையை மட்டும் தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், இல்லையென்றால் மற்றதையெல்லாம் மூடிவிடும். வெட்டிய கொழுந்தைத் துவையல் அரைக்கலாம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரியுங்கள், அரிப்பு வராது.